நாளைக்கும் வர்றவங்க சாப்பிடுற கடை எது?



லீவு விட்டா சென்னைக்குக் கிளம்புற குடும்பங்கள் நிறைய. மெரினா, மயிலாப்பூர் கோயில், வண்டலூர் உயிரியல் பூங்கா, பிள்ளைகளுக்காக மெட்ரோ ரயிலில் ஒரு சுற்று என்று பட்டியல் தயாராக இருக்கும். ரயில் டிக்கெட், ரூம் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடுவோம். எங்கே சாப்பிடுவது என்பதை மட்டும் பசி வந்த பிறகுதான் யோசிப்போம். அப்போ கண்ணில் படுகிற முதல் கடைக்குள் கால் தானா போய்விடும்.

உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஆறிப்போன சாம்பார், மெனுவில் இல்லாத விலை, கேட்காமலே வைத்த தண்ணீர் பாட்டிலுக்கும் காசு. நாலு பேர் சாப்பிட்ட பில், ஊரில் ரெண்டு நாள் வீட்டுச் செலவுக்குச் சமமா நிற்கும். காசு போனால்கூடப் பரவாயில்லைங்க. குழந்தைக்கு வயிறு கெட்டுப்போனால் மறுநாள் ஊர் சுற்றுவதற்குப் பதிலா ஆஸ்பத்திரி வாசலில் நிற்கணும்.

ஏன் இப்படி ஆகுது? ஸ்டேஷன் வாசல், பஸ் நிலையம், கடற்கரை மாதிரி இடங்களில் வாடகை அதிகம். வர்றவங்களில் பெரும்பாலானோர் ஒரு தடவைதான் வருவாங்க. நீங்க திருப்தியா போனாலும் திட்டிக்கிட்டே போனாலும் அடுத்த ரயிலில் வேற ஆள் வந்திடுவார். ஆனா தினமும் வந்து சாப்பிடுறவரை நம்பி நடக்கிற கடை, ஒரு நாள் உப்புக் கூடினாலும் பதில் சொல்லியாகணும். அங்கே எல்லாக் கடையும் மோசம்னு சொல்லவில்லை. உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கடைக்கு நாளைக்கும் வர்றவங்க யாரு?

இந்தக் கேள்வியோடு சென்னையைப் பாருங்க. மெரினாவில் பசி வந்தால், பாரதி சாலை வழியா உள்ளே நடந்து திருவல்லிக்கேணிக்குப் போங்க. அங்கே மேன்ஷன்கள் அதிகம். வேலைக்கும் படிப்புக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள் மூணு வேளையும் அங்கிருக்கிற மெஸ்களில்தான் சாப்பிடுறாங்க. சென்ட்ரலில் மாலை நேரம் கையில் இருந்தால், வால்டாக்ஸ் சாலையைத் தாண்டி சவுகார்பேட்டை தங்கசாலைத் தெருப் பக்கம் போகலாம். தலைமுறைகளா அங்கே வியாபாரம் செய்யும் வடநாட்டுக் குடும்பங்களே வாங்கிச் சாப்பிடும் சாட், கச்சோரி, ஜிலேபி கிடைக்கும். கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே, பர்மா பஜார் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ இருக்கு. காசு ரொம்பக் குறைவா இருந்தாலும் கவலை வேண்டாம். 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஆட்டோ ஓட்டும் அண்ணனிடம் "இங்க நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால், வெளியூர் ஆளுக்குக் காட்டும் கடையைக் காட்டக்கூடும். "அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்க. பூக்கடை அக்கா, டிராபிக் போலீஸ்காரர், பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி என்று அந்த இடத்திலேயே தினமும் வேலை பார்க்கும் யாரிடமும் இதைக் கேட்கலாம்.

போனில் தேடும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீங்க. விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படியுங்க. ஒரே குறையைப் பலர் சொன்னால் அந்தக் கடை வேண்டாம். வாடிக்கையாளர்கள் எடுத்துப் போட்ட மெனு கார்டு படத்தில் விலையும் தெரிஞ்சுடும்.

நேரமும் பார்க்கணும். மதியச் சாப்பாட்டுக்கு 12.30-லிருந்து 2 மணிக்குள் போனால் சூடா கிடைக்கும். 4 மணிக்குப் போய் மீல்ஸ் கேட்டால், மிச்சம் இருப்பதுதான் இலைக்கு வரும். சின்னக் கடைதான், ஆனா தோசை, தந்தூரி, சைனீஸ், பீட்சா எல்லாம் உண்டு என்று போர்டு சொன்னால் கொஞ்சம் யோசிங்க. கூட்டமே இல்லாத கடையில் அத்தனையையும் அன்றன்றைக்குப் புதுசா செய்வது சிரமம்.

மெரினாவிலோ மாமல்லபுரத்திலோ மீன் சாப்பிடுறதா இருந்தால், பொரிக்கச் சொல்வதற்கு முன்னால் விலையைக் கேட்டுடுங்க. துண்டுக்கா, எடைக்கா? எடைக்கு என்றால் தராசில் வைத்து, மொத்தம் எவ்வளவு என்று சொன்ன பிறகு சரி சொல்லுங்க. இதில் கூச்சமே வேண்டாம். சாப்பிட்ட பிறகு சண்டை போடுவதைவிட முன்னாடி கேட்பது ரெண்டு பேருக்கும் நல்லது.

இனி, ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில உரிமைகள்.

உணவகத்தில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் பார்வையில் படும்படி இருக்கணும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அந்த எண் அச்சிடப்பட வேண்டும். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அதை உள்ளிட்டால் உரிமம் உண்மையானதா என்று பார்க்கலாம்.

பில் வந்ததும் முழுசா படியுங்க. சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதை வசூலித்தால் கடையின் ஜி.எஸ்.டி. எண் பில்லில் இருக்கணும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியா ஒரு வரி இருந்தால் கவனிங்க. அது அரசு வரி கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அதை உணவகம் தானாகச் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் இந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. "இதை எடுத்துட்டு பில் குடுங்க" என்று மரியாதையா கேளுங்க. பரிமாறிய தம்பிக்கு நீங்களா விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ் வேறு விஷயம்.

உணவு கெட்டிருந்தாலோ கடை சுத்தமில்லாமல் இருந்தாலோ, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம். உணவின் படம், பில்லின் படம், கடையின் பெயர், முகவரி, சாப்பிட்ட நேரம் எல்லாம் சேர்த்து அனுப்பினால் அதிகாரிகள் விசாரிக்க வசதியா இருக்கும். அதனால் பில்லைக் கசக்கிப் போட்டுவிடாதீங்க. கட்டணப் பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நாம ஊருக்குத் திரும்பிவிடுவோம், நமக்கு எதுக்கு வம்பு என்று தோணும். அந்தக் கடை நம்பி இருப்பதே அதைத்தான். நீங்க அனுப்பும் ஒரு புகார், அடுத்த ரயிலில் பிள்ளைகளோடு வந்து இறங்கும் இன்னொரு குடும்பத்துக்கு உதவும். அதனால அடுத்த முறை கிளம்புவதற்கு முன்னால் ரெண்டு எண்ணையும் போனில் சேமித்து வையுங்க. ரூம் பார்க்கும்போதே, பக்கத்தில் எங்கே சாப்பிடலாம் என்றும் சேர்த்துப் பாருங்க.