இரண்டு கைகளுக்கு என்ன பலம்?

மம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழுவில் 11 பேர். மேட்டு லயத்துக்காரர்கள் 5, ஆற்றோர லயத்துக்காரர்கள் 4, தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் 2. ஒவ்வொரு தரப்பும் ஒன்றாகத்தான் கை தூக்கும். அது தெரிந்த கதைதானே!

"ரெண்டு பேர் போய் என்ன ஆகப்போகிறது?" என்று தாமான்காரர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. தீர்மானம் நிறைவேற 6 கைகள் வேண்டும். 5 பேர் தனியாக நின்றால் போதாது. எந்த இரண்டு தரப்பு சேர்ந்தாலும் போதும். அப்படியானால் அந்த 2 பேருக்கும் 5 பேருக்கும் பலம் ஒன்றே.

இதே கணக்கு நெகிரி செம்பிலான் சட்டமன்றத்திலும் வந்தது. மொத்தம் 36 இடங்கள்; பெரும்பான்மைக்கு 19 வேண்டும். 2018 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் 20, தேசிய முன்னணி 16. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற ஒரு தீர்மானத்தைக்கூட அந்த 16 இடங்களால் மாற்ற முடியாது. 2023 ஆகஸ்டில் பக்காத்தான் 17 (மம்பாவ் தொகுதியும் அதில் ஒன்று), தேசிய முன்னணி 14, பெரிக்காத்தான் நேஷனல் 5. கூட்டிப் பாருங்கள்: 14உம் 5உம் சேர்ந்தால் சரியாக 19! காகிதக் கணக்கில் மூவருக்கும் சம பலம். 16 இடங்களுக்கு இல்லாத பலம் 5 இடங்களுக்கு வந்துவிட்டது.

இதை அளக்க வழி சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க வழக்கறிஞர் ஜான் பான்சாஃப். ஜெயிக்கும் கூட்டணிகளை எல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை கூட்டணிகளில் ஒருவர் விலகினால் வெற்றி கவிழ்கிறது என்று எண்ண வேண்டும். அதுதான் அவருடைய பலம். நியூயார்க் மாநிலத்தின் நசாவ் மாவட்ட மன்றத்தில் 1964இல் ஆறு உறுப்பினர்களுக்கு 31, 31, 28, 21, 2, 2 என்று 115 வாக்குகள் கொடுத்திருந்தார்கள். 58 வேண்டும். முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் முடிந்தது கதை. 21 வாக்கு வைத்திருந்தவர் யாருடன் சேர்ந்தாலும், விலகினாலும், முடிவு மாறாது. அவருடைய வட்டாரத்து மக்கள் தங்களுக்கும் பிரதிநிதி இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1965இல் பான்சாஃப் கட்டுரை எழுதி அந்தக் குட்டை உடைத்தார்.

கணக்கு மட்டும் எல்லாம் சொல்லிவிடாது. 2022 பொதுத்தேர்தலுக்குப் பிறகு பக்காத்தானும் தேசிய முன்னணியும் கைகோத்து நின்றதால், 2023இல் அந்த 5 இடங்களைத் தேடி யாரும் போகவில்லை. யார் யாரோடு பேசுவார்கள் என்பது கூட்டல் கழித்தலில் வராது.

இன்னொரு விஷயம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: விதி மாறினால் பலமும் மாறும். மாநில அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 பேர் வேண்டும். 17உம் 5உம் 22தான். 14உம் 5உம் 19தான். அதே 5 இடங்கள் அங்கே பூஜ்யம். ஒரு தலைகூடக் கூடவில்லை, குறையவில்லை!

இப்போது கோயிலுக்குத் திரும்புவோம். தோட்டத்து நிலம் கைமாறுகிறது, கோயிலை இடம் மாற்ற வேண்டும் என்று பேச்சு வருகிறது. சாதாரணப் பெரும்பான்மை என்றால் தாமான்காரர்கள் இருவரையும் மற்றவர்கள் தேடி வர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு என்று சட்டவிதியில் எழுதியிருந்தால் 8 பேர் வேண்டும். இரண்டு லயமும் பேசி முடித்துவிடும். அந்த இருவர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அவர்களுடைய தாத்தா பாட்டி கும்பிட்ட சாமியும் அதுதான்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சட்டவிதித் திருத்தம் என்று ஒரு வரி வரும். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில்தான் அதைப் படிப்பார்கள்.