மஞ்சள் கறை படிந்த பக்கங்கள்



நூலக வார விழாவில் 'படிக்க வேண்டிய நூல்கள்' என்று பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொல்லைப்பக்கத்தில் சுண்டல் தாளிக்கிற மணம் மேடை வரைக்கும் வந்துவிட்டது. அந்த மணத்தோடு போட்டி போட்டு எந்த நூலகர் ஜெயிக்க முடியும்? அதனால் நானும் சமையலைப் பற்றியே பேசிவிடுகிறேன். இடையிடையே புத்தகமும் வரும்.

என் கையில் இருப்பதைப் பாருங்கள். அட்டை போய்விட்டது, முதுகில் கோந்து போட்டு ஒட்டியிருக்கிறது. முன்வரிசையில் இருக்கிறவர்கள் வாங்கி முகர்ந்தே பார்க்கலாம், பெருங்காயம் மணக்கும். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' இது. முதல் பாகம் 1951-ல் வந்தது. கல்யாணமாகி வெளியூர் போன உறவுக்காரப் பெண்கள் அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுதி, இதை எப்படிச் செய்வது, அதற்கு எவ்வளவு போடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். எத்தனை பேருக்குத்தான் தனித்தனியாகப் பதில் எழுதுவது? புத்தகமாகவே போட்டுவிட்டார். ஆழாக்கு, பலம் என்று கணக்குச் சொல்லி, தண்ணீர் எவ்வளவு, எந்தப் பதத்தில் இறக்குவது என்பது வரைக்கும் எழுதினார். அதற்கு முன்னும் தமிழில் பாகசாஸ்திர நூல்கள் உண்டு. ஆனால் மணப்பெண்ணின் சீர்வரிசைப் பெட்டிக்குள் ஏறிய புத்தகம் இதுதான்.

ஒருமுறை இருப்புச் சரிபார்ப்புக்கு வந்த அலுவலர் ஒருவர் இதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என்னம்மா இது, எண்ணெய்யும் மஞ்சளுமா இருக்கு. கழிவுல சேர்த்திருங்க" என்றார். நான், "சார், ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பாருங்க. ரசம் பக்கத்துல கறை. சாம்பார்ப் பக்கத்துல கறை. மைசூர்பாகுப் பக்கம் ரெண்டு ஒட்டிக்கிட்டே இருக்கு. கறை இல்லாத பக்கம்தான் யாரும் படிக்காத பக்கம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, மைசூர்பாகு ஏன் சில சமயம் கல்லாகிவிடுகிறது என்று கேட்டார். புத்தகம் தப்பித்தது.

இந்த அலமாரிக்கு எண் 641.5. நம் நூலகத்தில் நடமாட்டம் அதிகம் உள்ள அலமாரிகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஆண்டுதோறும் பெரிய மேடைகளில் பேசப்படும் 'சிறந்த நூல்கள்' பட்டியலில் இந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை. சமையல் புத்தகம் படிக்கிறவர் வாசகர் இல்லையாம்! எனக்கு அதில் வருத்தம் உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்தவர், 1931-ல் ஐந்து விதிகள் சொன்னார். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பவை அவற்றில் இரண்டு. அந்த நூல் நாவலாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆறாவதாக ஒரு விதியை எங்கள் அம்மா சொல்லுவாள்: "புத்தகத்தை அடுப்புல இருந்து ரெண்டு முழம் தள்ளி வையி."

சில வருடங்களுக்கு முன்னால் இரவல் மேசையில் ஒரு நீள நோட்டை வைத்தேன். உங்கள் வீட்டுப் பக்குவம் ஒன்றை அதில் எழுதினால், அதற்குப் பொருத்தமாகப் படிக்க ஒன்று நான் சொல்வேன் என்பது ஏற்பாடு. பண்டமாற்றுதான். முதல் மாதம் யாரும் எழுதவில்லை. நோட்டு பழகட்டும் என்று நானே எங்கள் வீட்டுச் சொதியை எழுதி வைத்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் சொதி மறுவீட்டு விருந்துச் சமையல். நாலு பேருக்கு நல்ல தேங்காய் ஒன்று. மூன்று முறை பால் பிழிந்து தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் சேர்த்து, அதில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட்டை வேகவிட வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதைச் சேர்க்கவும். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து மசித்து ஊற்றவும். முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். ஓரம் நுரைத்து வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் பால் திரிந்துபோகும். சூடு சற்றுத் தணிந்தபிறகு எலுமிச்சம்பழம் பிழியவும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்து கசந்துபோனால் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி வைக்காதீர்கள். அத்தனை தேங்காய்ப்பால் செரிக்க வேண்டாமா?

இதற்குப் படிக்க நான் சொல்வது தி. ஜானகிராமனின் 'பாயசம்'. அதுவும் கல்யாண வீட்டுக் கதைதான். பெரிய அண்டாவில் பாயசம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சாமநாது என்ற கிழவர், அவர் வயிற்றுக்குள் எரியும் பொறாமை. மேற்கொண்டு சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் புத்தகம் எடுக்க வர மாட்டீர்கள். கல்யாண வீட்டில் யார் சமையற்கட்டுப் பக்கம் சும்மா வந்து நின்றாலும் அந்தக் கதையைப் படித்தபிறகு ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

அதற்குப்பிறகு நோட்டு நிரம்ப ஆரம்பித்தது. ஒரு அக்கா உளுந்தங்களி எழுதினார். பெண்பிள்ளை பெரியவளானால் நம் ஊர்களில் கிண்டுகிற களி, அதன் பக்குவம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். ஒரு பங்கு தோல் உளுந்துக்குக் கால் பங்கு பச்சரிசி, இரண்டையும் வாசம் வர வறுத்து மாவாக்க வேண்டும். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவித் தூவி, நல்லெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கிண்ட வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம். அதுவரை துடுப்பை விடக்கூடாது. "கையி கழண்டுரும், எங்க படிக்க?" என்று கேட்டார் அவர். மகளை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள் என்று அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைக் கொடுத்தனுப்பினேன்.

ராஜஸ்தானில் ஒரு பெரிய வீடு. அதில் இருட்டான ஒரு மூலையில் சமையலறை. ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை இருக்கிறது, ஆனால் அதை மறைத்துக்கொண்டு துணி காயப்போடும் கொடி. தெற்கிலிருந்து வந்த மருமகள், கொடியை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்கிறாள். அதற்கு அந்த வீட்டில் என்ன பதில் கிடைக்கிறது என்பதைக் கதையில் படியுங்கள்.

பத்து நாள் கழித்து அந்த அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "மக வாசிச்சா. கொடிக்கயிறு வர்ற எடத்துல நான் துடுப்ப விட்டுட்டேன். களி கட்டி தட்டிப் போச்சு" என்றார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "அவுக ஒண்ணும் சொல்லல. கட்டியோடதான் தின்னாக. மறுநாளு அடுப்படிக்கு எக்சாஸ்ட் ஃபேன் வாங்கிட்டு வந்தாக." அம்பையின் கதைக்கு வந்த விமரிசனங்களில் இதுதான் சிறந்தது என்பது என் கட்சி.

அந்த அக்கா அதன்பிறகு சமையல் அலமாரிப் பக்கமே போகவில்லை. நேராகச் சிறுகதை அலமாரிக்குத்தான் போகிறார். அடுப்படி வழியாக உள்ளே வந்தவர்கள் இப்படி நம் பதிவேட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சமையல் புத்தகத்தை மட்டமாகப் பார்க்கிறவர்களிடம் நான் காட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

அடுப்படி வழியாகச் சங்க இலக்கியத்துக்கும் போகலாம். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குப் பள்ளிக்கூடத்து மனப்பாடப் பகுதி ஞாபகம் வந்து கொட்டாவி வரும். ஆனால் குறுந்தொகையின் 167-ஆவது பாட்டைப் பாருங்கள், கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் போன ஒரு சின்னப்பெண் சமைக்கிறாள். கட்டித் தயிரை விரலால் பிசைந்த கையைக் கழுவாமல் உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளித்த புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. புளிப்பும் இனிப்புமாக ஒரு குழம்பு வைக்கிறாள். அவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி. அதோடு பாட்டு முடிந்துவிட்டது. பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்றவளிடம் சொல்கிற சேதி அது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அங்கே அடுப்படியில் என்ன செய்கிறாளோ என்று தவித்த தாய்மார் இந்தக் கூடத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

அந்தப் பாட்டோடு மோர்க்குழம்பு வைத்துப் பாருங்கள். ஊறவைத்த துவரம்பருப்பு, ஒரு சிட்டிகை அரிசி, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், எல்லாம் சேர்த்து அரைத்து, வெந்த தடியங்காயில் கொதிக்கவிடுங்கள். அதன்பிறகு புளித்த தயிரைக் கடைந்து ஊற்றி, பொங்கி வரும்போது இறக்கிவிடுங்கள். பிறகு தாளிப்பு. கையை மட்டும் சேலையில் துடைக்காதீர்கள். அல்லது துடையுங்கள், ஈராயிரம் வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

முருங்கைக்கீரை உருவும் வேலை இருந்தால் பிரபஞ்சனின் 'பிரும்மம்'. வாசலில் நிற்கும் ஒரு முருங்கை மரம்தான் அந்தக் கதை. கீரை வதங்குவதற்குள் படித்து முடித்துவிடலாம். காப்பி போடுகிறவர்களுக்குப் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. அதில் கடவுளே ஓட்டலில் உட்கார்ந்து சிக்கரி கலந்த காப்பியைக் குடிக்கிறார். ஆண்களுக்கு ஒன்றும் இல்லையா என்று பின்னால் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நான் இதுவரை சொன்னதெல்லாம் பெண்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது? நீங்களும் துடுப்பைப் பிடிக்கலாம், தோள் வலி போகும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நோட்டில் 61-ஆம் பக்கம். எழுதியது என் கையெழுத்து, சொன்னது ஒரு பாட்டி. பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக வந்தவர், மழைக்காக உள்ளே ஒதுங்கினார். "என்னத்த எழுதிக்கிட்டிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். "எனக்கு எழுதத் தெரியாது, நீ எழுது" என்றார். கேப்பைக் கூழ், கீரை. சின்ன வயதில் மழை பொய்த்த வருடத்தில் அவருடைய அம்மா காய்ச்சியது. ஒரு பிடி கேப்பை மாவு, பானை நிறையத் தண்ணீர், தரையில் முளைத்த எந்தக் கீரையானாலும் சரி. நான் எழுதிக்கொண்டே, "உப்பு எவ்வளவு பாட்டி?" என்று கேட்டேன்.

"இருந்தாப் போடணும்" என்றார்.

அன்று இரவு வீட்டில் சிறுபாணாற்றுப்படையை எடுத்தேன். நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார். கறையான் அரித்த பழைய சுவரின் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. குட்டி போட்ட நாய் பால் வற்றிக் கத்துகிறது. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டு வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். எத்தனையோ முறை அதைப் படித்திருக்கிறேன். அந்த உப்பு எனக்கு அன்றுதான் உறைத்தது. பாட்டிக்கு நான் ஒரு புத்தகம் கடன். படிக்கத் தெரியாதவருக்கு என்ன கொடுப்பது? அவர் பேத்தியிடம் ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையைக் கொடுத்து, பாட்டிக்கு வாசித்துக் காட்டு என்றேன். சாப்பிட்டவர் உண்டியலில் போட்டதுதான் கணக்கு, எவ்வளவு போட்டார் என்று பார்க்காமல் சோறு போட்ட கெத்தேல் சாகிபின் கதை அது. மறுவாரம் பாட்டி வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தக் கடை இன்னும் இருக்கா?"

நேரமாகிவிட்டது என்று விழாத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுவரி கட்டும் ரசீதை அடுத்தமுறை உற்றுப் பாருங்கள், நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். கட்டிவிட்டு இங்கே வராமல் இருப்பது, மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வீட்டுக்குப் போவது மாதிரி. வெள்ளிக்கிழமை விடுமுறை.

நோட்டு அதே மேசையில் இருக்கிறது. 143-ஆம் பக்கம் வரை நிரம்பியிருக்கிறது. பேனாவைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுண்டல் சாப்பிட்ட கையோடு வந்தாலும் பரவாயில்லை, வாருங்கள்.