கணைக்கால் நோவும் நம் பிள்ளைகளும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுதலே மரபு. நாமோ பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தி, இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். ஆதலின் இலக்கியத்தை அறிஞர்களுக்கு விட்டு, நம் குடியிருப்பில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளின் கால்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

எம் மகள் 16 வயதில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். விளையாட்டுத் திறனுடையோர்க்கு இரயில்வேயில் வேலைவாய்ப்பு உண்டன்றோ? அந்த ஆசை எம் நெஞ்சிலும் இருந்தது. நாள்தோறும் 3 கிலோமீட்டர் ஓடியவளை இரண்டே வாரங்களில் 7 கிலோமீட்டர் ஓடச் செய்தோம். அதுவும் தார்ச் சாலையில், தேய்ந்த காலணியோடு.

சில நாட்களில் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் நோவு கண்டது. முதலில் ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடேறியதும் மறைந்தது. பின்னர் ஓட்டம் முடிந்தும் நீடித்தது. "வலிக்கிறது, அப்பா" என்றாள். "பொறுத்துக்கொள், அம்மா. பொறுத்தவளே வெல்வாள்" என்று தைலம் தடவிவிட்டோம். அதன் பின் அவள் வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டாள். மாடிப்படி இறங்க இயலாது சுவரைப் பற்றி நின்ற அன்றுதான் நாம் கண் விழித்தோம்.

மருத்துவர் எலும்பின் நெடுக விரலால் அழுத்திப் பார்த்தார். நோவு நான்கு விரற்கடைக்கு மேல் பரவியிருந்தது. "நல்ல வேளை. ஒரே புள்ளியில் கூர்மையாக வலித்தாலும், ஓய்விலும் இரவிலும் வலித்தாலும் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். தொடக்கத்தில் அது எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகும்" என்றார்.

அவர் கூறிய காரணம் இரயில்வேக்காரர் எவர்க்கும் விளங்கும். ஒரு வண்டி ஓடியதால் தண்டவாளம் வெடிப்பதில்லை. ஓயாத சுமையால் வெடிக்கிறது. எலும்போ ஓய்வில் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். செப்பனிடும் வேகத்தினும் சுமை விரைந்து ஏறினால் நோவு பிறக்கிறது. போதிய உணவு உண்ணாதோர்க்கும், மாதவிலக்குத் தவறும் பெண்பிள்ளைகளுக்கும் இவ்விடர் மிகுதி. தாய்மார்கள் இதனை வெட்கத்தால் மறைத்தல் கூடாது.

ஓட்டம் நின்றது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்தாள், வலி தணிந்தது. ஆயினும் உண்மை மருந்து ஓய்வே. வலி தராத அளவில் மிதிவண்டி ஓட்டினாள். குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக் கெண்டைச் சதையை வலுவாக்கினாள். போட்டி நாளன்று பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தாள். அவள் முகத்தைக் காண எமக்குத் துணிவில்லை.

பழுது பார்த்த இருப்புப்பாதையில் முதல் நாளே விரைவு வண்டியை முழு வேகத்தில் விடுவதுண்டோ? படிப்படியாகவன்றோ வேகத்தை உயர்த்துவர்! அவ்வாறே, நடந்தாலும் அழுத்தினாலும் வலியில்லை என்றான பின், சிறிது நடையும் சிறிது ஓட்டமுமாக மண் திடலில் தொடங்கினாள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்களவே தூரத்தைக் கூட்டினோம். காலணியும் புதிது வாங்கினோம்.

அன்பர்களே! ஊரை விட்டுப் பிழைக்க வந்த நாம் பொறுமையாலேயே வாழ்ந்தோம். அதனால் பிள்ளைகளிடமும் பொறுமையையே கேட்கிறோம். பொறுக்க வேண்டியது களைப்பு; பொறுக்கலாகாதது எலும்பின் நோவு. இவ்வேறுபாட்டை நாம் பிந்தியே கற்றோம்.

மறு ஆண்டு ஓடினாள், நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை. வீடு திரும்புகையில், "இடக்கால் சற்றே நோகிறது, அப்பா, நாளை ஓடவில்லை" என்று தானாகவே சொன்னாள். அச்சொல்லைப் பதக்கத்தினும் பெரிதாகக் கொண்டோம்.

உங்கள் பிள்ளைகளும் சொல்லட்டும், நீங்கள் செவிசாயுங்கள்.