கட்டையும் கல்லும்



நம்மை விட்டுப் பிரிந்த தோழரின் நினைவாகப் பேச அழைத்தபோது, அவரோடு நான் போட்ட ஒரு சண்டைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. அதையே பேசிவிடுகிறேன்.

1991. அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு. எங்கள் காலனியில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, சத்யஜித் ராயின் 'சத்கதி'யைப் போட்டோம். பிரேம்சந்தின் கதை, 1981இல் தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்ட படம். மகளின் கல்யாணக் காரியத்துக்கு நாள் குறித்துத் தரும்படி கேட்கப் பண்டிதர் வீட்டுக்குப் போகிறார் துக்கி என்கிற சமார். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு, வெறும் வயிறு. பண்டிதர் ஒரு கட்டையைக் காட்டிப் பிளக்கச் சொல்கிறார். கோடாலியை ஓங்கி ஓங்கி அங்கேயே செத்து விழுகிறார். வசனம் இந்தி என்பதால் தோழர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு மணி நேரம்கூட ஓடாத படம். பாதியிலேயே ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. "நம்ம ஜனங்களுக்கு ரசனை இல்லை, சண்டையும் பாட்டும் இருந்தால்தான் உட்காருவார்கள்" என்று சொல்லிவிட்டேன். தோழருக்குக் கோபம் வந்தது. "இதே ஜனம்தான்டா விடிய விடியக் கர்ண மோட்சம் பாத்துட்டு அப்படியே நடவுக்குப் போவுது. அதுக்கா பொறுமை இல்லன்ற?" அதன் பிறகு பல மாதம் எங்களுக்குள் பேச்சில்லை.

அவர் சொன்னது எனக்கு உறைக்க வருஷங்கள் ஆயின. ஓம் பூரி கோடாலி வீசுவதை ராய் நிதானமாகக் காட்டுகிறார். கோடாலி பிடித்தே அறியாதவருக்கு அந்த நேரம் ஒரு திறப்பு. கூலிக்கு விறகு பிளந்த என் பெரியம்மாவுக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் அவர் கேட்டார்: "அந்த ஆளு சாவான்னு எனக்கு முன்னயே தெரியும் தம்பி. அந்தப் பொம்பள அடுத்த நாளு என்னா பண்ணா? அத ஏன் காட்டல?" ஸ்மிதா பாட்டீல் நடித்த அந்த மனைவிக்குப் படத்தில் அடுத்த நாளே கிடையாது.

ஒரே ஓர் இடத்தில் மிச்சமிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிணத்தைத் தூக்காதீர்கள் என்று ஒரு கோண்டு மனிதர் சமார் தெருவில் போய்ச் சொல்கிறார். அவர்களும் தூக்கவில்லை. ஊர் திணறுகிறது. எங்களுக்குக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2016இல் ஊனா கொடுமைக்குப் பிறகு குஜராத்தில் செத்த மாடுகளைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து போட்டார்களே, அன்றைக்கு எனக்கு இந்தக் காட்சிதான் மனதில் ஓடியது. ஆனால் படத்துக்கு அது ஒரு திருப்பம், அவ்வளவுதான். பண்டிதரே காலில் கயிறு கட்டி இழுத்துப் போகிறார், வந்து தண்ணீர் தெளிக்கிறார், படம் முடிந்துவிடுகிறது. ராயின் கோபம் பொய்யில்லை. அந்தக் கோபம் பண்டிதரின் பேரன் மனசாட்சியோடு பேசுகிறது. நாம் திரைக்குள் இருக்கிறோம். பேச்சு நம்மோடு இல்லை.

ஷியாம் பெனகலின் 'அங்குர்' (1974) படத்தில் சவுக்கடி படுகிறவர் வாய் பேசாதவர். அவரை ஏன் ஊமையாக்க வேண்டும் என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது. கடைசியில் ஒரு சிறுவன் பண்ணையார் வீட்டு ஜன்னலில் கல்லெறிகிறான். 2013இல் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி'யிலும் ஒரு சிறுவன் கல்லெறிகிறான். இந்தக் கல் கேமராவை நோக்கியே வருகிறது, திரை இருண்டுவிடுகிறது.

அதுவும் மெதுவான படம்தான். பன்றி பிடிப்பது நீண்டுகொண்டே போகும். நடுவில் தேசிய கீதம் கேட்டு எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். எங்கள் காலனியில் புரொஜெக்டர் வைத்துப் போட்டோம். மராத்திப் படம் ஆயிற்றே என்று ஒரு காலேஜ் பெண் விளக்கிச் சொல்ல எழுந்தாள்.

"சும்மா உக்காரும்மா, புரியுது" என்றார்கள்.