தேடுகிறவர் கேட்கும் சொல்



கணினியிலும் கைப்பேசியிலும் நாம் சேர்த்துவைக்கும் குறிப்புகளைக் குறிச்சொல்லிட்டு ஒழுங்குசெய்வதே இக்கருத்தரங்கின் பொருள். “தேடல் வசதி இருக்கும்போது குறிச்சொல் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. தமிழில் குறிப்பெடுக்கிறவர் அப்படிக் கேட்க மாட்டார்.

பாசன வரலாற்றை ஆராயும் மாணவர் ஒருவர் தம் குறிப்புகளில் ‘குளம்’ என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடலுக்குக் ‘குளத்தில்’ அகப்படாது, ‘குளங்கள்’ அகப்படாது. குதிரையின் குளம்பை மட்டும் தவறாமல் கொண்டுவந்து நிறுத்தும். சரி, ‘குள’ என்று சுருக்கித் தேடினால் குளவியும் சேர்ந்து வரும். போதாததற்கு, மதுரைப் பக்கத்துக் குறிப்பில் அது கண்மாய். செங்கல்பட்டுக் குறிப்பில் ஏரி, தாங்கல். வேற்றுமை உருபும் வட்டார வழக்கும் சிதறடித்த இவற்றை ‘நீர்நிலை’ என்ற ஒரு குறிச்சொல் ஒன்றுசேர்த்துவிடும்.

ஆனால் குறிச்சொல்லும் கட்டுக்குள் இருந்தால்தான் பயன். இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்க 2003இல் வந்த டெலிசியஸ் தளம், அவரவர் விரும்பிய சொல்லை இடும் பழக்கத்தைப் பரப்பியது. அந்தச் சுதந்திரத்தில் ‘கோவில்’, ‘கோயில்’, ‘ஆலயம்’ மூன்றும் தனித்தனிக் குறிச்சொற்களாகிவிடும். ‘கோயில்’ ஒன்றே இரண்டாவதும் உண்டு. ஒருங்குறியில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத செயலியில் ஒரே சொல் பட்டியலில் இருமுறை நிற்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. குறிச்சொல்லைத் தட்டச்சு செய்வதைவிடப் பட்டியலிலிருந்து எடுத்து இடுவதே நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எதைக் குறிச்சொல்லாக்குவது? 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களைப் பின்னர் வகுத்துத் தந்தார். நம் மாணவருக்கு அவற்றில் மூன்று போதும்: நீர்நிலை, தஞ்சாவூர், சோழர் காலம். மூன்றையும் சேர்த்துத் தேடினால் ஆயிரம் குறிப்புகள் கைப்பிடியளவாகும். ‘வரலாறு’ என்று அவர் இட்டால் வீண். அவருடைய எல்லாக் குறிப்பும் வரலாறுதானே!

ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் எழுதிச் சேர்த்தவர். அவருடைய சொல்லடைவில் ஒரு சொல்லுக்கு நேரே பெரும்பாலும் ஓரிரு சீட்டு எண்களே இருக்கும். உள்ளே நுழைய அது வழி. அதன்பின் சீட்டுக்குச் சீட்டு இணைப்பைப் பிடித்துப் போவார். நானூறு குறிப்புகளின் மேல் ஒரே சொல்லை ஒட்டிவைப்பவர்கள் இந்தச் சிக்கனத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் அமர்வில் கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். முதலில் உங்கள் சொந்தக் குறிச்சொல் பட்டியலைத் திரையில் காட்டுங்கள். அதில் ‘முக்கியம்’, ‘பிறகு படிக்க’ என்றெல்லாம் இருந்தாலும் கூச்சம் வேண்டாம். விவாதத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.