சுவரில் முளைக்கும் ஈசோப்பு



51ஆம் திருப்பாடலில் தாவீது, தன்னைக் கழுவும்படி மன்றாடும்போது ஈசோப்பைச் சொல்கிறார். குருமடத்தில் சேர்ந்த புதிதில், அது ஏதோ பெரிய மரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஐரோப்பாவில் ஈசோப்பு எனப்படும் நீலப்பூச் செடி புனித நாட்டில் தானாக முளைப்பதில்லை. அங்கே பாறை இடுக்குகளில் வளர்வதும், அரபு மக்கள் 'சாத்தர்' என்று ரொட்டியோடு உண்பதுமான காட்டுச் செடியே விவிலியத்தின் ஈசோப்பு என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் துளசியின் குடும்பம் அது. தண்டு சதுரமாக இருக்கும். இலைகள் எதிரெதிராக நிற்கும். பூ சிறியது, வெள்ளை. கசக்கினால் ஓமவல்லி போல மணக்கும். இலையெங்கும் மெல்லிய முடி.

அந்த முடியைக் கவனியுங்கள். கொத்தாகக் கட்டித் தோய்த்தால் அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்கா இரவில் ஆட்டின் இரத்தத்தைக் கதவுநிலைகளில் பூசியது ஈசோப்புக் கொத்துதான். கெரிசிம் மலையில் சமாரியர் இன்றும் பாஸ்காவுக்கு இச்செடியையே எடுக்கிறார்கள். கல்வாரியில் ஆண்டவரின் வாயருகே புளித்த இரசத்தை உயர்த்தியதும் ஈசோப்பே என்கிறார் யோவான்.

சாலமோன் மரஞ்செடிகளைப் பற்றிப் பேசியபோது, லெபனோனின் கேதுரு முதலில் வந்தது. சுவரில் முளைக்கும் ஈசோப்பு கடைசியில் வந்தது. பாஸ்கா இரவிலோ கடைசிச் செடியே தேவைப்பட்டது.

"எனக்குத் தகுதியில்லை, ஃபாதர்" என்று ஒப்புரவுக்கு வரத் தயங்கி, ஆண்டுக்கணக்கில் கோவில் வாசலிலேயே நிற்பவர்கள் உண்டு. ஈசோப்புக்கு என்ன தகுதி இருந்தது? தன்னைத் தோய்க்க விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். இந்த வாரமே உள்ளே வாருங்கள். ஆமென்.