தணிவு என்னும் சொல்



சொல்லை எடைபோட்டு எடுத்தாள்வது கவிஞர்க்கு உரிய பணி. மருத்துவ உலகமும் அண்மையில் அவ்வாறு ஒரு சொல்லை எடைபோட்டுத் தேர்ந்துள்ளது. இரண்டாம் வகை நீரிழிவு உடையோர் வாழ்வில் அச்சொல் என்ன பொருள் தருகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

'வந்த சர்க்கரை போகாது, மாத்திரை கூடும், கடைசியில் ஊசி.' நெடுங்காலம் நோயாளர் செவியில் விழுந்த தீர்ப்பு இது. இத்தீர்ப்பை அசைத்தது பிரித்தானியாவில் நிகழ்ந்த 'டைரக்ட்' ஆய்வு. நியூகாசில் பல்கலைக்கழகத்து ராய் டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து மைக்கேல் லீனும் அதனை முன்னின்று நடத்தினர். நோய் கண்டு ஆறாண்டுக்கு மேற்படாத, இன்சுலின் போடாத, உடல் எடை மிகுந்தோர் அதில் சேர்ந்தனர். அவர்களுள் ஒரு பாதியினர்க்கு நீரிழிவு மருந்துகள் நிறுத்தப்பட்டன. மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் சத்துப் பானமும் சூப்புமே அவர்கள் உணவு. பின்னர் வழக்கமான உணவு படிப்படியாகத் திரும்பியது.

முடிவு 2017இல் வெளியாயிற்று. ஓராண்டு நிறைவில் அவர்களுள் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவின் எல்லைக்குக் கீழே நின்றனர். வழக்கமான மருத்துவம் பெற்றோருள் அந்நிலை எய்தியோர் 4 விழுக்காட்டினரே. எடை குறையக் குறையக் கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைகிறது. ஓய்ந்து கிடந்த இன்சுலின் சுரப்பு பலர்க்கு மீள்கிறது.

இந்நிலைக்கு என்ன பெயர்? 2021இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. சர்க்கரை மருந்தை நிறுத்தி மூன்று மாதமேனும் கழிந்தபின், ஹெச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தலே இலக்கணம் என வகுத்தது. 'க்யூர்' என்னும் சொல்லை விலக்கி, 'ரெமிஷன்' என்பதை ஏற்றது. தமிழில் அதற்குத் 'தணிவு' என்பது பொருந்தும். சினம் தணியும், வெயில் தணியும், நீரிழிவின் முதல் அறிகுறிகளுள் ஒன்றான தாகமும் தணியும். தணிந்தது மீண்டும் எழாது என்று அச்சொல் உறுதி கூறுவதில்லை. நீறு பூத்த நெருப்பு அது.

சொல் பிழைத்தால் வாழ்வும் பிழைக்கும். திருமணப் பந்தியில், 'உங்களுக்குத்தான் சரியாகிவிட்டதே, இன்னும் கொஞ்சம் பாயசம்' என்று அன்போடு ஊற்றும் கைகள் உண்டு. 'குணம்' என்று நம்பியவர் இலையை நீட்டுகிறார். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கண், சிறுநீரக, பாதப் பரிசோதனைகளையும் கைவிடுகிறார். முன்னாளில் மிகுந்திருந்த சர்க்கரை விழித்திரையில் இழைத்த ஊறு, சர்க்கரை குறைந்த பின்னும் வளரக்கூடும் என்பதை அவர் அறிவதில்லை. 'தணிந்திருக்கிறது' என்று சொல்லப் பழகியவரோ இலையை மூடவும் அறிவார். பரிசோதனைக்குச் செல்லவும் மறவார்.

இச்சொல்லில் இரக்கமும் உண்டு. அதே ஆய்வில் இரண்டாம் ஆண்டு நிறைவில் 46 என்பது 36 ஆயிற்று. இழந்த எடையை மீட்கப் பசியைத் தூண்டுவது உடலின் இயல்பு. ஆகவே மீண்டும் மாத்திரை எடுக்க நேர்ந்தவர் குற்றவாளி ஆகார். நோய் நெடுநாள் நின்று சுரப்பு குன்றியவர்க்குத் தணிவு கிட்டாமலும் போகலாம். முயற்சி இல்லாதவர் என்று அவரைப் பழித்தல் அறமன்று. சில மாதங்களோ சில ஆண்டுகளோ சர்க்கரை குறைந்திருந்த காலம் உடலுக்கு நன்மையே. ஒன்று மட்டும் நினைவில் நிற்க வேண்டும்: மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் மேற்பார்வையில் நிகழ வேண்டியவை.

'போகவே போகாது' என்ற சொல் நோயாளரின் முயற்சியைக் கொன்றது. 'போயே போயிற்று' என்ற சொல் அவர் விழிப்பைக் கொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே மெய்யான ஒரு சொல் வேண்டியிருந்தது. அதனை வீட்டுப் பேச்சிலும் பந்திப் பேச்சிலும் புழங்கச் செய்தல், பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் இவ்வட்டத்தார்க்கு எளிது.